வெறுந்தூளி

டிவி தொடரில் வரும் அந்தத் தாய் எட்டு வாரமாக ஒரு தூளியை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். உள்ளே என்ன இருக்கிறது என்று இதுவரை காட்டவில்லை. தையல் கம்பெனியின் மதியச் சாப்பாட்டில் வேறு பேச்சே கிடையாது.

"கொழந்தையே பொறக்கலடி, எல்லாம் அவ நெனப்பு," என்றாள் ரெஜினா.

"பொறந்துச்சு, அவளே கொன்னுட்டா. அந்த முழியப் பாத்தாலே தெரியல?" என்றாள் பானு. "எதுவோ போகட்டும், வெறுந்தூளிய ஆட்டுனா வீட்டுக்கு ஆகாது."

செண்பகம் சோற்றைப் பிசைந்தாள். அவள் மகள் பதினோரு நாள்தான் உயிரோடு இருந்தாள். பதினாறில் பேர் வைப்பதாக இருந்தது. பேரில்லாமல் போனதைப் பிள்ளை என்று யாரும் சொல்வதில்லை. விசேஷ வீடுகளில் கேட்டால், "இன்னும் ஒண்ணுமில்ல" என்பாள் மாமியார்.

"நீங்க என்னக்கா சொல்றீங்க?" என்றாள் ரெஜினா.

"கொழந்த இருக்குது. உங்களுக்கெல்லாம் காட்ட அவளுக்கு இஷ்டமில்ல."

பானு சிரித்தாள். கூட யாரும் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் செண்பகம் பெட்டியின் அடியிலிருந்து, மகளைப் போட்டு ஆட்டிய அந்தப் பழைய சேலையை எடுத்துக் கூரைக் கொக்கியில் தூளி கட்டினாள். "பைத்தியமாடி புடிச்சிருக்கு? பாக்கறவங்க என்ன பேசுவாங்க?" என்று மாமியார் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினாள். செண்பகம் திறந்தாள். எதிர்வீட்டில் தொடர் ஆரம்பிக்கிற பாட்டு கேட்டது. டிவிக்கு முன்னால் இருந்த தலைகள் ஒவ்வொன்றாக இந்தப் பக்கம் திரும்பின. நன்றாகத் தெரியட்டும் என்று விளக்கையும் போட்டுவிட்டு, அவள் தூளியை ஆட்டத் தொடங்கினாள்.