இடிக்குக் கொடுத்த இடம்

“இருநூத்திப் பதினாலு புகார் சார். ஒரே ஒரு கேள்விக்கு.”

கொண்டுவந்த ஃபைலை மேசைமேல் வைத்துவிட்டு நின்றாள், அந்தத் தொலைக்காட்சி நிலையத்தின் புகார்ப் பிரிவு அதிகாரி. ‘புகார் மேடம்’ என்றால்தான் அங்கே எல்லாருக்கும் தெரியும்.

செய்திப் பிரிவின் தலைமை ஆசிரியர் ஃபைலைத் தொடவில்லை. “எந்தக் கேள்வி?” என்றார்.

“தெரியாத மாதிரி கேட்கிறீங்களே. பஸ் கவிழ்ந்து செத்துப்போன டிரைவரோட சம்சாரத்தைக் கூப்பிட்டு உட்கார வெச்சு, ‘உங்க வீட்டுக்காரர் அன்னைக்குக் குடிச்சிருந்தாரா?’ன்னு நேரலையில கேட்டாரே, அதுதான்.”

கேட்டது ‘இடி’. தினமும் விவாத நிகழ்ச்சி நடத்துகிறவன். மேசையைத் தட்டித் தட்டி அவன் போடுகிற சத்தத்துக்கு ஜனங்கள் வைத்த பெயர். அந்தப் பெண் பதிலே சொல்லாமல் எழுந்து, மைக்கைக் கழற்றக்கூடத் தோன்றாமல் வெளியே போனதை ஊரே பார்த்தது.

“கொஞ்சம் முரட்டுப் பய, மேடம். ஆனா ஜனங்க அவனுக்காகத்தானே நம்ம சேனலைப் போடறாங்க? விட்டுப் பிடிப்போம்.”

இந்த ‘விட்டுப் பிடிப்போ’மை அவள் கேட்பது ஆறாவது தடவை. விட்டதுதான் தெரிந்தது, பிடித்ததை அவள் பார்த்ததில்லை.

ஏன் இவ்வளவு இடம் கொடுக்கிறார்? சொந்தக்காரனா? இல்லை, இவருடைய குடுமி ஏதாவது அவன் கையில் சிக்கியிருக்கிறதா? இரண்டு பேருக்கும் நடுவில் என்னவோ இருக்கிறது என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது.

மறுநாள் இடியை விசாரணைக்குக் கூப்பிட்டாள். சண்டை போடத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தாள். வந்தவனோ சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

“அந்தக் கேள்வியைக் கேட்கணும்னு உங்களுக்கு எப்படித் தோணிச்சு?”

“கேட்டது என் வாய். தப்பு என்னோடது. அப்படியே எழுதிக்குங்க மேடம்.”

இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொள்கிறான் என்றால் உள்ளே ஏதோ சூது இருக்கிறது.

“அந்தம்மாகிட்ட மன்னிப்பாவது கேட்டீங்களா?”

“வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.”

“கேமராவோடவா?”

“தனியா.”

அவன் தலை மறைந்ததும் டிரைவரின் மனைவிக்குப் போன் போட்டாள்.

“வந்தாருங்க” என்றாள் அந்தப் பெண். “ரெண்டு தடவை கதவையே திறக்கலை. மூணாவது தடவை திறந்தேன். ‘எங்க வீட்டுக்காரர் குடிக்க மாட்டார்னு தெரியுமா உங்களுக்கு?’ன்னு கேட்டேன். தெரியும்னார். தெரிஞ்சும் ஏன் அப்படிக் கேட்டீங்கன்னதுக்குத் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.”

புகார் மேடம் போனை வைத்தாள். தெரிந்தே கேட்டிருக்கிறான்! மன்னிப்புக் கேட்கப் போனதுகூட, அந்தப் பெண் கோர்ட்டுக்குப் போய்விடுவாளோ என்கிற பயத்தில்தான் இருக்கும்.

அன்றைக்கே அறிக்கை எழுதி முடித்து, தலைமை ஆசிரியர் முன்னால் நீட்டினாள்.

“அவரை நிகழ்ச்சியிலிருந்து தூக்கணும் சார். நீங்க கையெழுத்துப் போடலைன்னா நேரா முதலாளிகிட்டப் போவேன். என் வேலை போனாலும் சரி.”

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் லிஃப்ட் வாசலில் இடி நின்றிருந்தான். தோளில் ஒரு பை.

“மேடம், என்னை எடுத்துட்டீங்க. சரிதான். அந்த நாற்காலியில அடுத்து யாரு உட்காருவாங்கன்னு கேட்டீங்களா?”

தன்னை விட்டால் ஆளே இல்லை என்கிற நினைப்பைப் பார்.

“உங்களைவிட மோசமா ஒருத்தரைத் தேடிக் கண்டுபிடிக்கிறது கஷ்டம்” என்றாள்.

அவன் லிஃப்டுக்குள் போனான்.

மனசு லேசாகித் தன் இடத்துக்கு வந்தவளைத் தலைமை ஆசிரியர் கூப்பிட்டனுப்பினார்.

“உட்காருங்க மேடம். நல்ல காரியம் பண்ணினீங்க. எனக்கும் அவனால தீராத தலைவலி. புது ஆளுக்கு நாளைக்கு இன்டர்வியூ. நீங்களும் கூட இருக்கணும்.”

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “தலைவலியா? அவருக்கு இவ்வளவு இடம் கொடுத்ததே நீங்கதானே சார்?”

“ஜனங்களுக்கு அவன் முகம் பழகிப்போச்சேன்னு பொறுத்துக்கிட்டேன். கன்ட்ரோல் ரூம்ல உட்கார்ந்து தினமும் இயர்போன் வழியா அவன் காதுல பேசறது யாருன்னு நினைச்சீங்க? நான்தான்.” அவர் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். “அன்னைக்கு அந்தம்மாவைக் கேட்கச் சொல்லிப் பத்துக் கேள்வி சொன்னேன். ஒன்பதை முழுங்கிட்டு, இருக்கிறதுலயே சாதுவா இருந்த அந்த ஒண்ணைத்தான் கேட்டான். இந்தத் தடவையாவது, சொன்னதை அப்படியே கேட்கிற ஆளா பார்த்து எடுப்போம் மேடம்.”