ஊசி போதும்

"இனிமே ஊசி வாணாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க" என்றான் துரைக்கண்ணு, நனைந்த துண்டைப் பிழிந்துகொண்டே.

கெங்கம்மாள் நம்பாமல் பார்த்தாள். ஐப்பசி மழையில் அவள் நனைய வேண்டாமென்று இந்தத் தடவை அவன் மட்டும் விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்திருந்தான்.

"என்னப் பாக்காமலே எப்படிச் சொன்னாங்க?"

"கட்டியெல்லாம் அமுங்கிப் போச்சுன்னு சொன்னேன். அப்ப போதும்னுட்டாங்க."

மார்பில் வந்த புற்றை மெட்ராஸில் அறுத்தெடுத்த பிறகு, தழும்பைச் சுற்றித் தோலில் மறுபடி கட்டிகள் முளைத்திருந்தன. அதற்குத்தான் அந்த ஊசி. "இது ஆம்பளைங்க உடம்புல ஊறுற சத்து. கட்டி கரையும். ஆனா முகத்துல பரு வரும், மீசை முளைக்கும். பொறுத்துக்கணும்" என்று டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார்.

அப்படியே நடந்தது. கட்டிகள் கரைந்தன. முகம் எண்ணெய் வழிந்து பருவாய்க் கொட்டியது. மேலுதட்டில் கறுகறுவென்று மீசை. குரலும் உடைந்தது. களையெடுக்கும் பெண்கள் அவள் வரப்பில் வந்தால் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

ஒலக்கூர் சந்தையில் ஒருவன், "துரைக்கண்ணு, உங்க ஊட்டுல யாருய்யா புருசன்?" என்று கேட்டான். நின்றவர்களெல்லாம் சிரித்தார்கள். அன்று முழுக்கத் துரைக்கண்ணு சாப்பிடவில்லை.

ஊசி நின்றதும் பரு வாடியது. மீசையும் மெல்ல மெல்ல மெலிந்தது. மிஞ்சியதை அவள் பிடுங்கிப் போட்டாள். குரல் மட்டும் கட்டையாகவே நின்றுவிட்டது.

"நீ பேசாம இருந்தா யாருக்கும் தெரியாது" என்றான் துரைக்கண்ணு.

பங்குனியில் அவளை மயிலம் மலைக்குக் கூட்டிப் போனான். அத்தனை பேர் பார்க்கப் பூ வாங்கிக் கொடுத்தான். கல்யாணமான புதிதில்கூட அவன் அப்படிச் செய்ததில்லை.

சித்திரையில் தழும்பின் ஓரம் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. அவனிடம் காட்டினாள்.

"வெய்யக் கட்டி. சந்தனத்த இழைச்சுப் போடு" என்றான், சரியாகப் பார்க்காமலே.

போட்டாள். அது அமுங்கவில்லை, பக்கத்தில் இன்னொன்று வந்தது.

அவன் உரம் வாங்கப் போயிருந்த ஒரு நாள் கெங்கம்மாள் மடியில் கொஞ்சம் மல்லாட்டைக் கடலையைக் கட்டிக்கொண்டு, திண்டிவனத்தில் ரயிலேறி விழுப்புரம் வந்தாள். குணமாக்கிய டாக்டரம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, இந்தக் கட்டியையும் காட்டிவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

வழக்கமாக ஊசி போடும் நர்ஸ் செண்பகம் வாசலிலேயே எதிர்ப்பட்டாள். கெங்கம்மாளைப் பார்த்ததும் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றாள்.

"நான் கெங்கம்மாதாங்க. மீச போனதால அடையாளம் தெரியல போல இருக்குது."

செண்பகம் அருகில் வந்து அவள் கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஐப்பசியிலயே உன் வீட்டுக்காரர் வந்து, நீ செத்துட்டே, இனிமே ஊசி எடுத்து வைக்க வேணாம்னு சொல்லி அழுதுட்டுப் போனாரேம்மா."