சனிக்கிழமையின் இரண்டு வரிகள்

பாகூர்ப் பக்கத்துப் பால் சங்கத்தில், மாடுகளின் விவரம் வைத்திருந்த கணினி பழுதாகிவிட்டது. முந்தின இரவு பழைய நகலை ஏற்றி, அதன்மேல் அன்றாடப் பதிவுக் கோப்புகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தாள் கல்பனா. வெள்ளிக்கிழமை வரை சரியாக வந்தது. சனிக்கிழமைக் கோப்பு மட்டும் கெட்டிருந்தது. அன்றைய பதிவுகளை நோட்டைப் பார்த்து வரிசையாகக் கையால் ஏற்ற வேண்டும்.

முதல் வரி, அம்சவள்ளியின் பசு இறந்தது. அடுத்த வரி, சகாயராணியின் பசு கன்று ஈன்றது.

அம்சவள்ளி வாசலில் பசுவோடு நின்றாள். "காலைல பாத்தா கொட்டாயில நிக்குதுடி. நாலு லிட்டர் கறந்தேன்."

"இன்னாக்கா சொல்ற? பொதைக்கறப்ப நானும்தான இருந்தேன்."

"அந்த வரிய மட்டும் வுட்டுடுடி."

விட்டுவிடத்தான் நினைத்தாள் கல்பனா. அதற்குள் சகாயராணி ஓடிவந்தாள்.

"கன்னுக்குட்டிய காணோம் கல்பனா. பசு மறுபடி நெறசெனையா நிக்குது. வலியில கத்துது, கன்னு வரமாட்டேங்குது."

கல்பனா இரண்டாவது வரியை ஏற்றினாள். கணினி அதை ஏற்காமல் முதல் வரியைக் கேட்டது.

மூவரும் திரையைப் பார்த்தார்கள்.

"இருடி," என்றாள் அம்சவள்ளி. "தண்ணி காட்டிட்டு வந்துடறேன்."

பசு மெதுவாகத்தான் குடித்தது. வாளி காலியாகும்வரை கல்பனா விசைக்கு மேலே விரலைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.