ட்யூப் சூடாகும்வரை

"இப்பத்தான் போட்டேன். உட்காரும்மா. ட்யூப் சூடாகட்டும்" என்றார் கமலநாதன்.

விஷ்ணுப்ரியா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

கிள்ளானில் அன்று மதியம் வெயில் கொளுத்தியது. அம்மா டெங்கிலில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். அதற்காகவே இந்தச் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்து, வருவதாகக் காலையிலேயே அப்பாவுக்குப் போன் செய்திருந்தாள் விஷ்ணுப்ரியா. அம்மா இருந்தால் முதல் வார்த்தையிலேயே அழுதுவிடுவாள். பிறகு யாரும் எதையும் பேச முடியாது.

அலமாரியின் மேல்தட்டில் புதிதாக ஒரு பெட்டி இருந்தது. அதன் துளைகள் வழியே இரண்டு கண்ணாடி ட்யூப்கள் மங்கலான ஆரஞ்சு நிறத்தில் எரிந்தன. கீழ்த்தட்டில் அந்தப் பழைய கறுப்பு ஆம்ப்ளிஃபயர்.

"பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒருத்தர்கிட்ட வாங்கினேன். முன்னால ட்யூப், பின்னால டிரான்சிஸ்டர். ட்யூப்ல பாட்டு இதமா வரும். அதை ஸ்பீக்கர்வரைக்கும் தள்ளுற தெம்பு பழசுக்குத்தான் இருக்கு."

அப்பா ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதே அதிகம். போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். உயரத்தில் தனியாக உட்கார்ந்து பழகியவர்.

அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயரை அவளுக்கு நன்றாகத் தெரியும். காத்திருக்கவே வைக்காது. சுவிட்சைத் தட்டினால் அடுத்த கணம் பாடும்.

கணக்கியல் படிக்கப் பிடிக்கவில்லை என்று அவள் சொல்ல வந்தபோது அப்பா அதைத் தட்டினார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், மாப்பிள்ளை தனேஷைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும் என்று இதே இடத்தில் ஆரம்பித்தாள். அப்போதும் தட்டினார். இந்த வயலினைக் கேளு என்றார். அவள் கேட்டாள். சாயங்காலம் தையல்காரி ரவிக்கைகளைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

அவர் கெட்டவர் இல்லை. அடுத்து என்ன காதில் விழுமோ என்று பயந்தவர்.

இந்தப் புதுப் பெட்டி வந்த பிறகு அப்படி உடனே தட்ட முடியாது. ட்யூப் சூடேறி நிலைக்கு வருமுன் கீழே இருப்பதைப் போட்டால் ஸ்பீக்கரில் தொம்மென்று ஓர் அடி விழும். ஸ்பீக்கரே போனாலும் போய்விடும். அதனால் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

"ப்பா, நான் இப்ப சுபாங் ஜெயா வீட்டுல இல்லப்பா. தனேஷை விட்டு வந்துட்டேன். செமினியில ரூம் எடுத்திருக்கேன்."

சொல்லிவிட்டு அவர் கையைப் பார்த்தாள். அது முழங்கால் மேலேயே இருந்தது.

"தனியாவா?"

"இல்லப்பா. கூட ரெண்டு பேர் இருக்காங்க. பொண்ணுங்கதான்லா."

அப்பா தலையசைத்தார். ட்யூப்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை வச்சானா?"

அவள் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. அவர் கேட்கமாட்டார் என்ற தைரியத்தில்தான் வந்திருந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று எழுந்தாள். நாற்காலிக் கால் இடறியது. அலமாரியைப் பிடிக்கப் போன கை புதுப் பெட்டியின் மூடிமேல் பட்டது.

சுட்டது. வெடுக்கென்று கையை எடுத்தாள்.

இப்போதுதான் போட்ட பெட்டி இப்படிச் சுடாது. அந்தக் கனமான இரும்பு மூடிவரை சூடு ஏற ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும். அவள் வரும் வழியில் காஜாங்கைத் தாண்டிக்கொண்டிருந்தபோதே அது எரிய ஆரம்பித்திருக்க வேண்டும். நினைத்திருந்தால் அவர் எப்போதோ பாட்டைப் போட்டிருக்கலாம்.

அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"ஆமாப்பா" என்றாள். ஃபேன் இரைச்சலில் அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

அப்பா எழுந்தார்.

அவள் கண்களை மூடிக்கொண்டாள். இனிமேல் பாட்டுதான். இவ்வளவு கேட்டதே பெரிது.

காலடிச் சத்தம் அலமாரியைத் தாண்டிப் போனது. சுவரில் டிக்கென்று ஒரு சத்தம். அவள் கண்ணைத் திறந்தபோது தலைக்கு மேலே ஃபேன் வேகம் குறைந்து, இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

அறைக்குள் சட்டென்று புழுக்கம் ஏறியது. அப்பாவின் நெற்றியில் வியர்வை அரும்பியது. துடைத்துக்கொள்ளவில்லை. தன் நாற்காலியைத் தூக்கி அவளுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லும்மா" என்றார். "எனக்குக் கேக்குது."