வரட்டும்

"அவங்க அப்பன் வீட்டு ரோடா இது?"

சைக்கிளைச் சுவரில் சாய்த்துக்கொண்டே அப்பா கேட்டார். மகள் நகராட்சியில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஊரில் எது கெட்டாலும் அவளைத்தான் கேட்கிறார்.

"யாரைச் சொல்றீங்க?"

"உங்க ஆணையரைத்தான். மழை பெஞ்ச அன்னைக்குக் காரை நிறுத்தினவரு இன்னும் எடுக்கல. மில்லுலேருந்து வர்ற இறக்கத்துல, நட்ட நடுவுல. தெருவிளக்கும் எரியல. இன்னைக்குக் கொஞ்சம் விட்டிருந்தா போய் முட்டியிருப்பேன்."

"கண்ணுல புரை இருக்கு, டாக்டரைப் பாருங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"என் புரையை எடுத்தா அவர் காரு நகர்ந்துடுமா?"

அவளுக்கு அன்று தூக்கம் சரியாக வரவில்லை. குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆணையரிடம் போய் இதை எப்படிக் கேட்பது? கேட்காமல்தான் எப்படி இருப்பது?

ஆணையருக்கு ஆபீஸில் 'வரட்டும்' என்று பட்டப்பெயர். பொதுப் பாதுகாப்பு மசோதா சட்டசபையில் கிடப்பில் கிடந்தது. அது நிறைவேறினால்தான் ரோட்டுப் பள்ளத்துக்கும் இடிந்த சுவருக்கும் பொறுப்பு நகராட்சியா, மாநில அரசா என்று முடிவாகும். அதுவரை எதிலும் கைவைக்கக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. ஆகவே எதைக் கேட்டாலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "மசோதா வரட்டும்."

"டீ வரட்டுமா சார்னு கேட்டாக்கூட, முதல்ல மசோதா வரட்டும்பாரு" என்பார் டிரைவர்.

போன மாதம் வாய்க்கால் பாலத்தின் கைப்பிடிச் சுவர் இடிந்தபோது, ஓர் எச்சரிக்கைப் பலகையாவது வைக்கலாமே என்று அவள் கேட்டிருந்தாள்.

"வைக்கலாம். வச்சா, இது எங்க பொறுப்புன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. நாளைக்கு எவனாவது விழுந்தா, பலகை வச்சவன் கழுத்துலதான் கத்தி. மேல எழுதிக் கேட்டிருக்கேன். மசோதா வரட்டும்மா."

அன்றிலிருந்து அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

காலையில் போனதும் டிரைவரைத்தான் தேடினாள்.

"காருக்கு என்னண்ணே?"

"ஒரு கேடும் இல்ல. குதிரை மாதிரி ஓடும். அன்னைக்கு அவரே ஓட்டிக்கிட்டுப் போனாரு. மறுநாள் கேட்டா, பழுதுன்னாரு. சாவியையும் குடுக்கல. மெக்கானிக்கைக் கூப்பிடவான்னு கேட்டேன்."

"என்ன சொன்னார்?"

"வேற என்ன? வரட்டும்."

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"சார், அந்தக் கார்... ஜனங்க திட்டறாங்க."

"திட்டட்டும்."

"யாராவது மோதிட்டா?"

"வெள்ளைக் காரும்மா, தூரத்துலயே தெரியும். பின்னாடி சிவப்புப் பட்டையும் ஒட்டியிருக்கு." அவர் தலை நிமிரவில்லை. "வேற ஏதாவது?"

வெளியே வந்தாள். ஊருக்கு ஒரு நியாயம், உத்தியோகத்துக்கு ஒரு நியாயமா? மாடிப்படிக்குக் கீழே போய் நின்று போக்குவரத்துப் போலீசுக்குப் போன் செய்தாள். பெயர் கேட்டார்கள். சொல்லாமல் வைத்துவிட்டாள். அதன் பிறகு எந்தப் போன் மணி அடித்தாலும் தன்னைத்தான் தேடுகிறார்களோ என்று திரும்பிப் பார்த்தாள்.

வேலை முடியும்போது இருட்டிவிட்டது. ஸ்கூட்டரை நேராக அந்த இறக்கத்துக்கு விட்டாள். கிரேன் அப்போதுதான் காரைத் தூக்கிக்கொண்டு திருப்பத்தில் மறைந்தது.

"நல்லா வேணும். பதவி இருந்தா ரோட்டையே பட்டா போட்டுக்குவாங்களா?" என்று ஒரு கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஷட்டரை இறக்கினார்.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. இனி அப்பா நிம்மதியாக வரலாம். வண்டியைத் திருப்பினாள். விளக்கு வெளிச்சம் கார் நின்ற இடத்தில் விழுந்தது.

அங்கே ரோடு இல்லை.

சாக்கடை மூடி உள்வாங்கி, ஆளையும் சைக்கிளையும் சேர்த்து விழுங்குகிற அளவுக்கு வாய் பிளந்திருந்தது. அடியில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பள்ளத்தின் இரு ஓரத்திலும் கார்ச் சக்கரங்கள் நின்ற தடம்.

மேட்டிலிருந்து சைக்கிள் மணி கேட்டது. அப்பா. இன்றைக்குக் காரைக் காணோம் என்ற உற்சாகம் மணியிலேயே தெரிந்தது. பெடலை மிதிக்காமல், பிரேக்கையும் பிடிக்காமல் வந்துகொண்டிருந்தார்.

அவள் ஸ்கூட்டரைப் பள்ளத்துக்கு முன்னால் தள்ளிக் குறுக்கே நிறுத்தினாள். இரண்டு பக்கத்து இண்டிகேட்டரையும் மினுக்கவிட்டாள்.

சைக்கிள் கிரீச்சிட்டு நின்றது.

"நீயுமா? படிச்சவங்க எல்லாருக்கும் நடுரோடுதான் கேக்குதா?" என்று இறங்கிய அப்பா, ஸ்கூட்டருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். சைக்கிளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

இறக்கத்தில் யாரோ வேகமாக நடந்து வரும் சத்தம். ஆணையர். கையில் கார்ச் சாவி. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. பள்ளத்தைப் பார்த்தார். ஸ்கூட்டரைப் பார்த்தார்.

"வண்டிக்கு என்னம்மா?"

"பழுது சார்."

"எப்போ சரியாகும்?"

அவள் ஸ்கூட்டரைப் பூட்டி, சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள்.

"மசோதா வரட்டும் சார்."