அக்காவின் ரத்தம்

அவள் வருவதற்குள் இதை முடித்துவிட வேண்டும்.

அவர் மறுபடியும் கதவைப் பார்த்தார். ஸ்கேன் படம் வாங்கி வருகிறேன் என்று மனைவி கீழே போயிருக்கிறாள். வரிசை நீளமாக இருந்தால் கால் மணி நேரம் ஆகும். இல்லையென்றால் இப்போதே வந்து நிற்பாள்.

எதிரே மரபணு ஆலோசகர். சின்னப் பெண். டாக்டர்கள் அவசரத்தில் சொல்லாமல் விட்டதை நிறுத்தி நிதானமாகச் சொல்வதுதான் அவள் வேலை. அந்த நிதானம்தான் அவருக்கு ஆகவில்லை.

புராஸ்டேட் புற்றுநோய். வந்து இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை போட்ட ஊசிகள் இப்போது கேட்பதில்லை.

அவருடைய மரபணு ஒன்று மாறியிருக்கிறதாம். அந்த மாற்றம் கெட்டது என்றால், அதற்கென்றே ஒரு மாத்திரை இருக்கிறது. மச்சம் மாதிரி சும்மா கிடப்பது என்றால், அந்த மாத்திரையால் பிரயோஜனம் இல்லை. இருக்கிற தெம்பும் போகும்.

கெட்டதா, சும்மாவா?

யாருக்கும் தெரியாது.

"உலகப் பட்டியல் முழுக்கப் பாத்தாச்சு சார். அதுல இருக்கிறது பெரும்பாலும் வெள்ளைக்காரங்க ரத்தம். இந்த மாற்றங்கள் ஜனத்துக்கு ஜனம் வேற. உங்களோடது அவங்ககிட்ட இல்லவே இல்ல. நம்ம ஆளுங்க அதுல சேர்ந்தது ரொம்பக் கொஞ்சம்."

கோவில்பட்டியைத் தாண்டினால் மதுரை, மதுரையைத் தாண்டினால் பழனி. ஐம்பத்தாறு வருடத்தில் அவர் போன தூரம் அவ்வளவுதான். அவர் ரத்தத்தை அமெரிக்காவில் போய்த் தேடியிருக்கிறார்கள்.

ஆகவே, இனிக் குடும்பத்துக்குள்தான் தேட வேண்டும். புற்றுநோய் வந்த ரத்த சொந்தம் யாராவது வேண்டும். அவர்களுக்கும் இதே மாற்றம் இருந்தால், கெட்டது என்று சொல்ல ஒரு பிடி கிடைக்கும்.

அக்கா ராஜாமணி. மார்பில் கட்டி. முப்பத்தொன்பது வயதில் போய்ச் சேர்ந்தாள்.

அதை வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பாகிவிட்டது.

அந்தப் பெண்ணின் பேனா வேகம் பிடித்தது. தாளில் வம்சப் படம். அவருக்கு ஒரு சதுரம். அக்காவுக்கு ஒரு வட்டம், அதன்மேல் சாய்வாக ஒரு கோடு. இறந்தவர்களுக்கு அப்படித்தான் போடுவார்களாம்.

"இறந்தவங்க ரத்தத்துக்கு எங்க போறது? ஆனா அவங்க பிள்ளைங்க ரத்தத்துல பாத்துக்கலாம். பிள்ளைங்க உண்டா?"

"ஒரே பொண்ணு."

"அவங்களுக்கு இருந்தா, உங்களுக்கு மாத்திரை ஆரம்பிக்கிறதப் பத்தி டாக்டர் முடிவு எடுக்கலாம். ஆனா அப்புறம் அவங்களும் ஜாக்கிரதையா இருக்கணும் சார். பொம்பளைங்களுக்கு இது மார்பு, சினைப்பைன்னு போகும். எங்க இருக்காங்க?"

அவருக்கு வழி பிறக்க வேண்டுமென்றால், அவள் ரத்தம் கெட்டிருக்க வேண்டும்.

"துபாய்ல. பேச்சுவார்த்தை கெடையாது."

பொய் இவ்வளவு சரளமாக வரும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை.

அக்கா மகள் துபாயில் இல்லை. கீழே ஸ்கேன் படம் வாங்கும் வரிசையில் நிற்கிறாள்.

அவர்கள் ஊர்ப் பக்கம் அக்கா மகளைக் கட்டுவது புதிதல்ல. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, மகள் கையை எடுத்துத் தம்பி கையில் வைத்து அழுத்தினாள் ராஜாமணி. பேச்சு நின்றுபோயிருந்தது. வயிற்றில் பிறந்தவளைப் பத்திரமான இடத்தில் சேர்த்துவிட்டோம் என்று நினைத்துக் கண்ணை மூடினாள். அதற்கு இருபத்தொன்பது வருடம் ஆகிறது.

ஆலோசகப் பெண் பெருமூச்சு விட்டாள். அவர் சதுரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு வட்டம் போட்டாள். அது மனைவி. மனைவிகள் இந்தப் படத்தில் வெளியிலிருந்து வருகிறவர்கள்.

கதவு திறந்தது.

செண்பகவல்லி. கையில் பெரிய உறை. லிப்டுக்கு நிற்கப் பொறுமையில்லாமல் மூன்று மாடி ஏறி வந்திருக்கிறாள்.

"வாங்கம்மா. சாரோட அக்கா மகள் துபாய்ல இருக்காங்களாமே? நீங்களாவது பேசி, ரத்தம் கொடுக்கச் சொல்லுங்க. சாருக்குப் பெரிய உதவியா இருக்கும்."

செண்பகவல்லி கணவனைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"குடுத்தா அவளுக்கு என்ன ஆகும்?"

அந்தப் பெண் மறைக்கவில்லை. மார்பு, சினைப்பை, வருடா வருடம் பரிசோதனை, எல்லாவற்றையும் அதே நிதானத்தோடு சொன்னாள்.

செண்பகவல்லி உறையை மேசைமேல் வைத்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். வளையல்களை மேலே தள்ளிவிட்டுக் கையை நீட்டினாள்.

"துபாய்ல இல்ல மேடம். நாந்தான் அது. இவுக எங்க அம்மா கூடப் பொறந்த தம்பி."

பேனா நின்றது.

பிறகு, செத்தவளின் வட்டத்திலிருந்து மனைவியின் வட்டத்துக்கு மெதுவாக ஒரு கோடு போனது.

அவருக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. கட்டிய நாளிலிருந்து அவருடைய ஒரு பொய்யையாவது இவள் நிற்க விட்டிருக்கிறாளா?

நர்ஸ் வந்தாள். ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டினாள். கையை நன்றாக மூடிக்கொள்ளச் சொன்னாள். ஊசி இறங்கும்போது செண்பகவல்லி முகத்தைக்கூடத் திருப்பவில்லை.

அந்தப் பெண் இருவருக்கும் நடுவிலிருந்து கீழ்நோக்கி ஒரு கோடு இழுத்தாள்.

"அப்போ ரெண்டு பக்கமிருந்தும் வர வாய்ப்பிருக்கு. உங்க பிள்ளைங்களைக் கட்டாயம் பாக்கணும்மா. எத்தனை பேர்?"

மகள் பிரதீபாவுக்கு இருபத்துநான்கு வயது. ஆவணியில் கல்யாணம். பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது.

"பிள்ளைங்க இல்ல மேடம்," என்றாள் செண்பகவல்லி.

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள்.

குழாய் நிறைந்துவிட்டது. நர்ஸ் பட்டையை அவிழ்த்தாள். போதும்மா, கையைத் திறங்க என்றாள்.

செண்பகவல்லி திறக்கவில்லை.