பன்னிரண்டு நிமிஷம்

"தினமும் பன்னெண்டு நிமிஷம், மேடம்! வாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆவுது. இவரை இன்னும் வேலைல வெச்சுக்கினு இருக்கணுமா?"

மேனேஜர் பிரவீன்குமார் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். திண்டிவனத்து விதைக் கிடங்கின் கேட் அதில் தெரிந்தது. வாட்ச்மேன் தேவசகாயம் சாப்பாட்டுப் பையோடு சைக்கிளில் ஏறுகிறார். மூலையில் நேற்றைய தேதி, மாலை மணி 5.48. முந்தாநாளும் 5.48. அதற்கு முந்தின நாளும் அதே.

"டூட்டி ஆறு வரைக்கும்தானே, அண்ணே?" கிடங்கின் முதலாளி கலைப்பிரியா கேட்டாள்.

"ஆறு அடிச்ச பொறவுதாம்மா கிளம்புறேன்." தேவசகாயம் தன் பழைய கைக்கடிகாரத்தைத் தடவிக்கொண்டார்.

"கேமரா பொய் சொல்லுமாய்யா? என்னைப் பாருங்க, மேடம். இந்த வாரம் பூரா கரெக்டா ஒன்பதுக்குக் கேட்டுக்குள்ள வந்திருக்கேன். அதுவும் இதே கேமராவுலதான் இருக்கு."

கலைப்பிரியாவுக்கு மனசு கேட்கவில்லை. எத்தனை வருஷத்து ஆள்! ஆனால் சாட்சி கண்ணெதிரில் ஓடிக்கொண்டிருக்கிறதே.

"அண்ணே, நாளையிலேர்ந்து நீங்க..."

"ஒரு நிமிஷம், மேடம்."

கேமரா வயரை மாற்ற விழுப்புரத்திலிருந்து வந்திருந்த ஜகபர் சாதிக் ஏணியிலிருந்து இறங்கினார். திரையை நேரலைக் காட்சிக்கு மாற்றி, தன் செல்போனை அதன் பக்கத்தில் வைத்தார்.

போனில் 11.20. திரையில் 11.08.

"பதிவு பண்ற பொட்டிக்குள்ள ஒரு துளி குவார்ட்ஸ் படிகம் இருக்குங்க. அது துடிக்கிறதை எண்ணித்தான் கடிகாரம் ஓடுது. இது எட்டு வருஷத்துப் பொட்டி. தகரக் கூரைக்கு நேர் கீழ வேற வெச்சிருக்கீங்க. சூடு ஏறினா துடிப்பு மந்தமாவும். வயசானாலும் மாறும். ஒரு நாளைக்கு நாலு செகண்டு பின்தங்கினாலே, நேரம் சரி பண்ணி வெச்ச ஆறு மாசத்துல பன்னெண்டு நிமிஷம். நெட்டு இருந்தா தானா சரி பண்ணிக்கும். இதுக்கு நெட்டும் இல்ல."

"அப்போ 5.48-ன்னா..."

"சரியா ஆறு மணிங்க."

கலைப்பிரியாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பிறகு மெல்ல மேனேஜர் பக்கம் திரும்பினாள்.

"அப்படின்னா உங்க ஒன்பது மணி?"

பிரவீன்குமார் மெதுவாகத் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பாவம், மேனேஜர் சாரும் விழுப்புரத்துலேர்ந்து பஸ்ஸுல நின்னுக்கினே வர்றாரும்மா" என்றார் தேவசகாயம்.

"தினமும் கேட்டைத் திறந்து விடறவர் நீங்க. இப்போ உங்க வேலையே போக இருந்தது. அவர் லேட்டா வர்றதை அப்பவாவது சொல்லியிருக்கலாமே, அண்ணே?"

"இதுல சொல்றதுக்கு இன்னாம்மா இருக்கு? பன்னெண்டு நிமிசந்தானே!"